கொல்லையில் முதல் கோழிக்கூடு: காற்று நுழையணும், கீரி நுழையக் கூடாது

கேள்வி: திருச்சிக்கு வெளியே புது வீடு. பின்பக்கம் 12 அடிக்கு 10 அடி இடம் சும்மா கிடக்கிறது, ஓரத்தில் ஒரு முருங்கை மரம். ஆறு பெட்டை, ஒரு சேவல் என்று நாட்டுக்கோழி வளர்க்க ஆசை. இதுவரை கோழி வளர்த்ததில்லை. கடையில் விற்கிற இரும்புக் கூண்டை வாங்கிவிடலாமா, இல்லை நானே கட்டிக்கொள்ள முடியுமா?

நீங்களே கட்டலாம். ரம்பம், சுத்தியல், கட்டிங் பிளேயர் பிடிக்கத் தெரிந்தால் போதும். வெல்டிங் பட்டறையில் சட்டத்தை மட்டும் அடித்து வாங்கிக்கொண்டால் வேலை இன்னும் சுலபம். கடைக் கூண்டு வேண்டாம் என்பதற்கு ஒரே காரணம்தான் சொல்வேன். அது பெரும்பாலும் கோழியை விற்கும்வரை வைத்திருக்கச் செய்தது, கோழி குடியிருக்கச் செய்ததல்ல. அடியில் வெறும் கம்பி வலை, மேலே மெல்லிய தகரம். கம்பியில் நின்று நின்று பாதம் புண்ணாகும், மே மாதத்தில் அந்தத் தகரத்தடியில் கோழி வெந்துபோகும்.

முதலில் ஒன்றை மனசில் வாங்கிக்கொள்ளுங்கள். கூடு ராத்திரிக்குத்தான். பகல் முழுக்கக் கோழி மண்ணைக் கிளறிக்கொண்டு வெளியே திரியும். பொழுது சாய்ந்ததும் அதுவாகவே அடைய வரும். இருட்டில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது. மேலே ஒன்று பாய்ந்தால் ஓடக்கூடத் தோன்றாமல் உட்கார்ந்திருக்கும். அதனால் கூட்டுக்கு இரண்டே வேலை: ராத்திரி எதுவும் உள்ளே வராமல் பார்ப்பது, உள்ளே இருப்பவை மூச்சுமுட்டாமல் பார்ப்பது. புதிதாகக் கட்டுகிறவர்கள் முதல் வேலையில் பயந்துபோய் இரண்டாவதைக் கோட்டை விடுவார்கள். நாலு பக்கமும் பலகை அடித்து, ஒரு சின்னக் கதவு வைத்து, பெட்டி மாதிரி மூடிவிடுவார்கள். எச்சத்திலிருந்து கிளம்பும் அம்மோனியா வெளியேற வழியிருக்காது. காலையில் கதவைத் திறந்து தலையை உள்ளே நீட்டும்போது உங்கள் கண் எரிந்தால், தரையோடு தரையாக ராத்திரி முழுக்க அதைச் சுவாசித்த கோழியின் நிலை என்னவாக இருக்கும்? சளி, கண் வீக்கம், கொறட்டை எல்லாம் அங்கிருந்துதான் ஆரம்பிக்கும். நம்மூரில் கோழி குளிரில் சாவதைவிட வெப்பத்திலும் ஈரத்திலும் சாவதுதான் அதிகம்.

உங்கள் இடத்துக்கு நான் சொல்லும் அளவு: 6 அடி நீளம், 3 அடி அகலம். ராத்திரி அடைய ஒரு கோழிக்கு ஒன்றரை முதல் 2 சதுர அடி போதும். ஏழு கோழிக்கு இந்த 18 சதுர அடி தாராளம், நாளைக்கு ஒன்றிரண்டு கூடினாலும் தாங்கும். அகலத்தை 3 அடிக்கு மேல் கொண்டுபோக வேண்டாம். கை எட்டாத மூலையை யாரும் கூட்டமாட்டார்கள். கூட்டாத மூலையில்தான் உண்ணி குடியேறும். கூட்டின் அடித்தளம் தரையிலிருந்து 2 அடி உயரத்தில் இருக்கட்டும். உயர்த்துவதால் மழைத்தண்ணீர் ஏறாது, பெருச்சாளி தோண்டி வராது, குனிந்து இடுப்பு ஒடியாமல் சுத்தம் செய்யலாம், அடியில் கோழிகளுக்குப் பகல் நிழலும் கிடைக்கும். கூரைக்கும் அடித்தளத்துக்கும் நடுவே முன்பக்கம் மூன்றரை அடி, பின்பக்கம் 3 அடி இருந்தால் தண்ணீர் வழிந்தோடப் போதுமான சரிவு கிடைத்துவிடும்.

நீளவாட்டு கிழக்கு மேற்காக இருக்க வேண்டும். பெரிய பண்ணைக் கொட்டகைகளும் இப்படித்தான் கட்டுகிறார்கள். காலை வெயிலும் மாலை வெயிலும் குறுகிய பக்கத்தில்தான் விழும், நீண்ட இரண்டு பக்கமும் காற்றுக்குத் திறந்திருக்கும். மேற்குச் சுவரை முழுக்க அடைத்துவிடுங்கள். உச்சிக்குப் பிந்தைய வெயிலும் ஆடிக்காற்றும் அந்தப் பக்கம்தான் அடிக்கும். வடக்கிலும் தெற்கிலும் கீழே ஒரு அடிக்கு மட்டும் பலகையோ சிமென்ட் ஷீட்டோ வைத்து, அதற்கு மேல் கூரைவரைக்கும் வலை. அந்த ஒரு அடித் தடுப்பு, உள்ளே பரப்பும் உமி சிதறாமலும் வாடைக்காற்று கோழியின் மேல் நேராக அடிக்காமலும் தடுக்கும். ஐப்பசி கார்த்திகையில் சாரல் வடகிழக்கிலிருந்து வரும். அதற்கு வடக்குப் பக்கம் ஒரு தார்ப்பாய்த் திரையைச் சுருட்டிக் கட்டி வைத்திருங்கள். மழை ராத்திரி இறக்கிவிடலாம். இறக்கினாலும் மேலே அரை அடி திறந்தே இருக்கட்டும்.

இப்போது வலை. எல்லாரும் பணத்தை மிச்சம்பிடிப்பது இதில்தான். நான் பணத்தைப் போடச் சொல்வதும் இதில்தான். அறுகோணக் கண் உள்ள மெல்லிய கம்பி, கடையில் கோழி வலை என்றே கேட்டு வாங்குவது, கோழியை வெளியே போகாமல் நிறுத்தும். நாயை உள்ளே வராமல் நிறுத்தாது. தெருநாய் நாலு தடவை முட்டி இழுத்தால் அந்த முறுக்கு பிரிந்துவிடும். ஒரு மழைக்காலம் போனால் துருவேறி விரலாலேயே கிழிக்கலாம். வாங்க வேண்டியது கால்வனைஸ் செய்த வெல்ட் மெஷ், அதாவது குறுக்கும் நெடுக்குமான கம்பிகளைப் பற்றவைத்த சதுரக்கண் வலை, கண் அரை அங்குலம். ஒரு அங்குலம் போதாதா என்று கடைக்காரர் கேட்பார். போதாது. பாம்புக்குட்டியும் எலியும் ஒரு அங்குலத்தில் சாதாரணமாக நுழையும், பூனை நகத்தை நீட்டிக் குஞ்சை இழுக்கும். கீரிக்குத் தலை போனால் உடம்பு போன மாதிரி. பெரிய கீரி நுழையாத இடத்தில் குட்டிக்கீரி நுழைந்துவிடும்.

வலையை எப்படி அடிக்கிறோம் என்பதும் முக்கியம். சட்டத்துக்கு வெளிப்பக்கமாக வைத்து அடியுங்கள். வெளியிலிருந்து முட்டும்போது வலை சட்டத்தோடு அழுந்தும். உள்பக்கமாக அடித்தால் முட்டுகிற ஒவ்வொரு தடவையும் ஆணி கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்கிக்கொண்டு வரும். 4 அங்குலத்துக்கு ஒரு யு ஆணி, அதன் மேல் ஒரு ரீப்பர் துண்டை வைத்து இறுக்கிவிட்டால் ஓரம் தூக்காது. இரும்புச் சட்டமென்றால் கட்டுக்கம்பியை நம்ப வேண்டாம், பட்டறையிலேயே புள்ளி வெல்டிங் வைத்துத் தரச் சொல்லுங்கள். முடித்த பிறகு ஒரு வேலை செய்யுங்கள்: கூட்டைச் சுற்றி விரலை ஓட்டிக்கொண்டே வாருங்கள். கூரையும் சுவரும் சேரும் இடம், கதவின் கீழ் இடுக்கு, முட்டைப்பெட்டி ஒட்டும் மூலை என்று எங்கே ஒரு விரல் நுழைகிறதோ அங்கே ஒரு துண்டு வலை. மரநாய் ராத்திரியில் கூரையில் ஏறித்தான் இடம் தேடும். நாம் தரையையே பார்த்துக்கொண்டிருப்போம்.

கதவுக்கு வெறும் தாழ்ப்பாள் போதாது. தட்டினால் நழுவும் தாழ்ப்பாளில் ஒரு கொக்கியையும் சேர்த்து மாட்டுங்கள். தீபாவளிக்கு முந்தின வாரம் பூட்டும் போடுங்கள்; அப்போது வருகிற கீரிக்கு இரண்டு கால்.

கோழி போய்வர 1 அடி அகலம், ஒன்றேகால் அடி உயரத்தில் ஒரு சின்ன வாசல், மேலே தூக்கும் பலகையோடு. அதுதவிர தெற்குப் பக்கம் முழுவதையும் இரண்டு கதவாகப் பிரித்துக் கீல் போட்டுவிடுங்கள். இதை யாரும் செய்வதில்லை. இரண்டையும் விரித்துத் திறந்தால் உள்ளே இருக்கிற உமியை ஒரே இழுப்பில் வாரிச் சாக்கில் தள்ளிவிடலாம். சுத்தம் செய்வது சுலபமாக இருந்தால்தான் அடிக்கடி சுத்தம் செய்வோம். எட்டு அங்குலச் சந்து வழியாகக் கையை விட்டுச் சுரண்டவேண்டிய கூட்டை மூன்றாம் மாதமே யாரும் தொடமாட்டார்கள்.

கால்களுக்கு இரும்பு பைப்போ கல் தூணோ நல்லது. சவுக்குக் கட்டைதான் கிடைக்கிறது என்றால் மண்ணில் புதையும் பகுதிக்குத் தார் பூசுங்கள், கரையான் அங்கிருந்துதான் ஏறும். நாலு காலிலும் தரைக்கு ஒரு அடி மேலே, வண்டி மெக்கானிக்கிடம் வாங்கிய கழிவு எண்ணெயில் நனைத்த துணியைச் சுற்றிக் கட்டுங்கள். எறும்புக்கு அது போதும். அடைகாக்கும் சமயத்தில், ஓடு விரிசல் விட்ட முட்டையை எறும்பு மொய்த்தால் குஞ்சு வெளியே வரும் முன்பே போய்விடும்.

அடித்தளத்துக்குக் கம்பி வலை வேண்டாம் என்று மேலேயே சொன்னேன். பலகை போடுங்கள். பலகை எச்சத்தின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் என்பதால் மேலே ஒரு பழைய பிளெக்ஸ் பேனரை இழுத்து அடித்துவிடுங்கள். எந்தக் கட்சிப் பேனர் என்பது கோழிக்குப் பொருட்டில்லை. அதற்கு மேல் 2, 3 அங்குலத்துக்கு உமி. அரவை ஆலையில் மூட்டைக்கணக்கில் கிடைக்கும். கடலைத்தோல், மரத்தூள், நன்றாகக் காய்ந்த தேங்காய் நார்க்கழிவு எதுவானாலும் சரி, காய்ந்திருக்க வேண்டும். இரண்டு நாளுக்கொரு தடவை கிளறிவிடுங்கள். ஒரு பிடி அள்ளிக் கையில் அமுக்கிப் பாருங்கள். கையைத் திறந்ததும் உதிர்ந்தால் நல்லது, உருண்டையாக நின்றால் ஈரம் ஏறிவிட்டது, மாற்ற வேண்டியதுதான். ஈர உமியில்தான் ரத்தக்கழிச்சல் கிருமி பெருகும், குஞ்சுகளைக் கொத்தாகக் கொண்டுபோகும். தண்ணீர்ச் சட்டியைக் கூட்டுக்குள் வைக்கக் கூடாது என்பதும் இதனால்தான். வாரி எடுத்த உமியை நேராகச் செடிக்குப் போடாதீர்கள், பச்சை எச்சத்தின் சூடு வேரைக் கருக்கிவிடும். இரண்டு மூன்று மாதம் குவித்து மக்கவைத்துப் போட்டால் முருங்கை உங்களை மறக்காது.

கூரையைப் பற்றி ஆளுக்கொன்று சொல்வார்கள். தென்னங்கீற்று குளுமை, ஆனால் ஒன்றிரண்டு வருஷத்தில் மாற்றணும், எலி கூடு கட்டும், எலியைத் தேடிப் பாம்பு வரும். ஓடு அருமை, ஆனால் கனம். இவ்வளவு சின்னக் கூட்டின் சட்டத்துக்குச் சுமை. தகரம் இலகு, மலிவு, ஒழுகாது, ஆனால் அடுப்பு. என் கணக்கு: தகரம் போடுங்கள், மேலே வெள்ளைச் சுண்ணாம்பு அடியுங்கள், பங்குனி பிறந்ததும் அதன்மேல் நாலு கீற்றை விரித்துக் கட்டுங்கள், மழைக்கு முன்னால் எடுத்துவிடுங்கள். நாலு பக்கமும் ஒன்றரை இரண்டு அடிக்குக் குறையாமல் தாழ்வாரம் நீட்டிக்கொண்டிருக்கட்டும். கோழிக்கு வியர்க்காது, வாயைப் பிளந்து மூச்சிரைத்துத்தான் உடம்புச் சூட்டைத் தணிக்கும். 30 டிகிரி வாக்கிலேயே அது தொடங்கிவிடும். கத்திரி வெயிலில் இறக்கையைத் தொங்கவிட்டு வாயைத் திறந்து நின்றால் நிழலில் ஈரச்சாக்கைத் தொங்கவிடுங்கள், மண்சட்டித் தண்ணீரை மதியம் ஒருமுறை மாற்றுங்கள்.

உள்ளே அமர ஒரு கட்டை வேண்டும். கோழி தரையில் படுக்க விரும்பாது, உயரம் தேடும். ஒன்றரை, 2 அங்குலப் பருமனில் முனை மழுங்கின சவுக்குக் கம்பு ஒன்றை நீளவாட்டில், அடித்தளத்திலிருந்து ஒன்றேகால் அடி உயரத்தில், சரியாக நடுவில் பொருத்துங்கள். நடுவில் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு: வலையை ஒட்டிக் கம்பு வைத்தால் தூங்குகிற கோழியின் வாலும் காலும் வலையோடு உரசும், வெளியே நிற்கிற பூனைக்கு அதுதான் வேண்டும். ஒரு கோழிக்கு 8 அங்குலம் என்றால் ஏழுக்கு 5 அடிக்குள் முடிந்துவிடும். பிளாஸ்டிக் பைப் வழுக்கும், வேண்டாம்.

முட்டையிடக் கிழக்குச் சுவரில் வெளிப்பக்கமாகத் துருத்திக்கொண்டிருக்கும்படி ஒரு அடிக்கு ஒரு அடியில் இரண்டு பெட்டி. நாலைந்து பெட்டைக்கு ஒரு பெட்டி போதும். இரண்டு வைத்தாலும் எல்லாம் ஒன்றிலேயே முட்டையிடச் சண்டை போடும், அது அவற்றின் குணம். பெட்டியின் அடி, உட்காரும் கம்பைவிடத் தாழ்வாக இருக்கட்டும். இல்லையென்றால் கோழி பெட்டியிலேயே ராத்தங்கி முட்டை விழும் இடத்தை எச்சமாக்கிவிடும். வெளியிலிருந்து மூடியைத் தூக்கி முட்டை எடுக்கலாம். அந்த மூடிக்கும் கொக்கி உண்டு, மறக்காதீர்கள். உள்ளே வைக்கோல். கோழிக்கு வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் இல்லாத மூலை பிடிக்கும் என்பதால் பெட்டிக்கு முன்னால் ஒரு சாக்குத்துண்டைத் தொங்கவிட்டால் தோட்டத்தில் ஒளித்து முட்டையிடுவது குறையும். நாட்டுக்கோழி வருஷம் முழுக்க இடாது. பத்துப் பன்னிரண்டு முட்டை இடும், அப்புறம் அடைக்கு உட்காரும். அதை அனுமதித்தால் குஞ்சு பொரிக்க 21 நாள். அதனால் முட்டைதான் குறி என்றால் ஆறில் இரண்டை வனராஜாவோ கிராமப்பிரியாவோ வாங்கலாம். இரண்டுமே கொல்லைப்புற வளர்ப்புக்கென்று ஹைதராபாத்தில் உள்ள கோழியின ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியவை.

சேவல் விஷயத்தில் யோசியுங்கள். முட்டைக்குச் சேவல் தேவையே இல்லை, குஞ்சு வேண்டுமென்றால்தான். புது வீடு, புது அக்கம்பக்கம் என்கிறீர்கள். விடியற்காலை நாலு மணிக்கு அது கூவுவது உங்களுக்கு இனிக்கும், பக்கத்து வீட்டு நைட் ஷிப்ட்காரருக்கு இனிக்காது. பெட்டைகளை வைத்து ஆறு மாதம் பழகுங்கள், சேவல் எங்கேயும் போய்விடாது. கூட்டையும் பக்கத்து வீட்டு ஜன்னலுக்கு எதிரே வைக்காதீர்கள்.

மீதியிருக்கும் இடம் முழுக்க மேய்ச்சலுக்கு. 12க்கு 10 என்றால் 120 சதுர அடி; கூடு உயரத்தில் நிற்பதால் அதன் அடியும் சேர்த்தி. கோழிக்கு எட்டுப் பத்து சதுர அடி என்பது குறைந்தபட்சம், உங்களுக்கு அதைவிடக் கூடுதலாகவே இருக்கிறது. ஆனாலும் புல் மிஞ்சாது, கீரை விதைக்கும் கனவிருந்தால் வேறு இடம் பாருங்கள். சுற்றி 6 அடி உயரத்துக்கு வேலி. இது பகலுக்குத்தான் என்பதால் மேல்பாதிக்குச் சாதாரணக் கோழி வலை போதும், கீழ் 3 அடிக்கு வெல்ட் மெஷ். அடியில் குழி தோண்டிப் புதைப்பதற்குப் பதில் ஒன்றரை அடி அகல வலையை வேலியின் காலோடு சேர்த்து வெளிப்பக்கம் தரையில் பாயாக விரித்துக் கல்லை வையுங்கள். நாய் வேலியின் காலடியில்தான் தோண்டும்; வலை தட்டுப்பட்டதும் பின்னால் நகர்ந்து தோண்ட அதற்குப் புத்தி போகாது. மேலே பழைய மீன்வலை கட்டினால் பருந்தும் காகமும் குஞ்சைத் தூக்காது, பறக்கிற பெட்டையும் சுவர் தாண்டாது. ஒரு மூலையில் மணலும் அடுப்புச் சாம்பலும் கலந்து கொட்டிவையுங்கள். கோழி அதில் புரண்டு குளிக்கும், பேனுக்கு அதைவிட எளிய மருந்து கிடையாது. அப்படியும் கூட்டில் உண்ணி வந்தால் அது பகலில் கோழிமேல் இருக்காது, மரச்சட்டத்தின் விரிசலில் ஒளிந்திருக்கும். வருஷம் இரண்டு தடவை கூட்டைக் காலிசெய்து விரிசல் விடாமல் சுண்ணாம்பு அடிப்பது அதற்குத்தான்.

கூடு எவ்வளவு நன்றாக இருந்தாலும் வெள்ளைக்கழிச்சலைத் தடுக்காது. ராணிக்கெட் என்று கால்நடை மருத்துவர்கள் சொல்வதும் அதையேதான். வந்தால் மருந்தில்லை, இரண்டு மூன்று நாளில் கூடே காலியாகும். குஞ்சுக்கு ஏழாம் நாள் கண்ணில் சொட்டு, எட்டாம் வாரம் ஊசி. வளர்ந்த கோழி வாங்கினால் இவை போட்டதா என்று கேட்டு வாங்குங்கள். அரசு கால்நடை மருந்தகங்கள் வழியாக வழக்கமாகப் பிப்ரவரியில் இலவச முகாம் நடக்கும், ஏழு கோழிதானே என்று கூச்சப்படாமல் கூடையில் போட்டுத் தூக்கிக்கொண்டு போங்கள். தனியாக மருந்து வாங்கிப் போடுவதென்றால் ஐஸ் வைத்த பிளாஸ்கில்தான் கொண்டுவர வேண்டும். வெயிலில் சூடான மருந்து வெறும் தண்ணீர்.

கூடு முடிந்ததும் ஒரு வாரம் காயவிடுங்கள், பெயின்ட் வாடையோடு கோழியை விடாதீர்கள். முதல் தடவை குஞ்சு வாங்க வேண்டாம், மூன்று நாலு மாதப் பெட்டைகளாக, ஒரே இடத்தில், ஒரே நாளில் வாங்குங்கள். சந்தையில் ஆளுக்கொன்றாகப் பொறுக்கினால் ஆளுக்கொரு நோயும் வரும். பிறகு எப்போது புதுக்கோழி சேர்த்தாலும் இரண்டு வாரம் பஞ்சாரத்தில் தனியாகக் கவிழ்த்துப் பார்த்துவிட்டுத்தான் சேர்க்க வேண்டும்.

வந்த முதல் வாரம் கூட்டைவிட்டு வெளியே விடாதீர்கள். அந்த வாரத்துக்கு மட்டும் தீனியும் தண்ணீரும் கூட்டுக்குள்ளேயே. தண்ணீரைக் கவனமாக, கவிழாத சட்டியில். இதுதான் தன் இடம் என்று மனசில் பதிய அவ்வளவு நாளாகும். எட்டாம் நாள், பொழுது சாய ஒரு மணி நேரம் இருக்கும்போது திறந்துவிடுங்கள். தூரம் போக நேரமிருக்காது, இருட்டும்போது பெரும்பாலானவை திரும்பிவிடும். ஒன்றிரண்டு உங்கள் முருங்கையில் ஏறி உட்காரும். அதற்கு முன்பே வேலிக்கு மேல் நீட்டியிருக்கும் தாழ்ந்த கிளைகளை வெட்டிவிடுவது நல்லது. மீறி ஏறினதை நன்றாக இருட்டிய பிறகு டார்ச் அடித்துக் கையால் எடுத்து, கம்பில் மற்றவற்றுக்குப் பக்கத்தில் வையுங்கள். நாலைந்து ராத்திரி இதைச் செய்தால் அதுவும் பழகிவிடும்.